முதல் புகார்

“யாக்கோபு அண்ணே, சூப்பர்வைசர் மேல ஒரு புகார் இருக்குன்னு வச்சுக்குங்க. இதுல எப்படி அனுப்புவீங்க?”

ஹேமந்த் போனை நீட்டினான். ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் அந்தக் கம்பெனியின் கேன்டீன் வாசலில், யாக்கோபு டீ டம்ளரைத் திட்டில் வைத்துவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

“சூப்பரா கீது சார்.”

“நல்லா இருக்கான்னு கேக்கலண்ணே. எங்க தடுமாறுறீங்கன்னு பாக்கணும்.”

தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல ஹேமந்த் வடிவமைத்த செயலி அது. பெங்களூரிலிருந்து வந்த நாள் முதல் தினமும் இதே வாசலில் ஆள் ஆளாகப் பிடித்து நிறுத்திக் காட்டுகிறான். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டதைப் போல எல்லோரும் சூப்பர் என்கிறார்கள். புகார்தான் ஒன்றுகூட வந்தபாடில்லை. இன்று சாயங்காலத்துக்குள் வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று எச்.ஆர். ஷெர்லின் சொல்லிவிட்டார்.

பெயரும் டோக்கன் நம்பரும் கேட்கும் கட்டம் வந்ததும் யாக்கோபுவின் விரல் நின்றுவிட்டது. திட்டில் இருந்த டீயில் ஆடை படிந்தது.

தன் டம்ளருடன் அடுத்து நின்ற காந்திமதி மெல்லக் கேட்டாள். “பேரு போட்டுத்தான் ஆவணுமா சார்?”

ஹேமந்துக்குப் பொறி தட்டியது. இத்தனை நாளும் பட்டனின் நிறத்தையல்லவா மாற்றிக்கொண்டிருந்தான். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து அந்தக் கட்டத்தைத் தூக்கினான்.

“இப்ப பேரே வேணாம்க்கா. யார் அனுப்பினாங்கன்னு எனக்கே தெரியாது.”

“மெய்யாலுமா சார்?”

“சத்தியமா.”

காந்திமதி யாக்கோபுவைப் பார்த்தாள். மணி அடித்தது. இருவரும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு தையல் லைனுக்கு ஓடினார்கள்.

சாயங்காலம் ஷெர்லின் கூப்பிட்டு அனுப்பினார்.

“கங்கிராட்ஸ் ஹேமந்த். புகார் வந்து கொட்டுது. அத்தனையும் ஒரே விஷயம்.”

ஹேமந்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “நடவடிக்கை எடுத்தாச்சா மேடம்? அன்னைக்கே எடுத்தாத்தான் ஜனங்களுக்கு ஆப் மேல நம்பிக்கை வரும்.”

“நீங்க சொன்னா மாதிரியே எம்.டி. உடனே கையெழுத்துப் போட்டுட்டார்.” ஷெர்லின் கையை நீட்டினார். “உங்க கேட் பாஸைக் கொடுத்துட்டுப் போங்க. டீ பிரேக் பூரா ஒருத்தர் போனை நீட்டிக்கினு நிக்கிறாராம், ஒரு வாய் டீ குடிக்க வுட மாட்டேங்கிறாராம்.”