இரண்டு கார்டுகளில் எது தெளிவு

பூமிநாதன் வீட்டில் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து தரையில் படுக்கப்போட்டிருந்தேன். பக்கத்தில் விரித்த துண்டின் மேல் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள்.

ஒன்று 8400. மற்றொன்று 8600.

"ரெண்டுல எது உசத்தி, ஹாஜா தம்பி?" என்றார் பூமிநாதன். மிளகாய்த் தோட்டத்திலிருந்து நேராக வந்தவர், காலைக்கூடக் கழுவவில்லை.

இப்படி ஒருவர் கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. சாயல்குடியில் கடை போட்டு நாலு வருடமாக மவுசும் கீபோர்டும் விற்றுக்கொண்டிருப்பவன் நான். கிராபிக்ஸ் கார்டைப் பற்றி என்னிடம் யார் கேட்டார்கள்?

சின்னதில் மெமரி 256 எம்.பி., பெரியதில் 512 என்றேன். சின்னதற்குள் கணக்குப் போடுகிற ஆட்கள் பதினாறு பேர், பெரியதற்குள் முப்பத்திரண்டு பேர் என்றேன். தகவல் போகிற பாதை அதில் 64 பிட், இதில் 128. வண்டிப்பாதைக்கும் தார் ரோட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்றேன்.

கல்யாண ஆல்பத்துக்கு இரண்டுமே அதிகம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அசையாத படத்தைக் காட்ட எந்தக் கார்டும் போதும். அதைச் சொல்லிவிட்டு எதை விற்பது?

அவருடைய மகள் சண்முகவள்ளி நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோவுக்கு ஆல்பம் டிசைன் செய்கிற பெண். மூன்று மாதமாக ஒரே புகார், படத்தின் நடுவில் கலங்கலாக இருக்கிறதாம்.

மானிட்டரை மாற்றிப் பார்த்தாயிற்று. கலங்கல் போகவில்லை.

இந்தப் பக்கம் எது கெட்டாலும் உப்புக்காற்று என்போம். இந்த வீட்டிலிருந்து மாரியூர்க் கடல் இரண்டு மைல். செம்புக் கம்பியெல்லாம் பச்சை பிடித்துவிடும். டி.வி., மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அதே வியாதிதான், பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருக்கும்.

போன மாதம் இரண்டு ஆல்பம் திரும்பி வந்துவிட்டது. ஒரு மணப்பெண்ணின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் வழிந்திருந்ததாம். இன்னொன்று இப்படி வந்தால் வேலை கிடையாது என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். வேலை போனால் வேலையோடு போகாது. கம்ப்யூட்டரில் சம்பாதிக்கிற பெண் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

மாப்பிள்ளை மருதுபாண்டி சிங்கப்பூரில் இருக்கிறான். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால்தான் வருகிறான். பெண்ணும் பையனும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பையன் வீட்டிலிருந்து ஒரு சி.டி. மட்டும் வந்திருந்தது, போன வருடம் அவன் லீவில் வந்தபோது எடுத்த படங்கள்.

"எந்தக் கார்டுல மாப்பிள்ளை நல்லாத் தெரியிறாரோ அதையே வாங்கிக்கிருவோம்" என்று பூமிநாதன் சிரித்தார்.

முதலில் 8400. மருதுபாண்டியின் படத்தைத் திறந்தேன். எனக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்தது, சட்டைப் பொத்தானின் நூல் உட்பட.

சண்முகவள்ளி சற்றுத் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"முகத்துல மட்டும் கலங்குதுண்ணே."

ஆல்பம் செய்கிறவர்களுக்குக் கண் ரொம்ப நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அல்லாவே, அப்படித்தான் நினைத்தேன்.

8400-ஐக் கழற்றி 8600-ஐச் செருகினேன். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். பதினைந்து நிமிடம்கூட இல்லை.

"எல்லாமே ரெட்டிப்பு, தங்கச்சி. இதுலயும் தெரியலைன்னா மிசினச் சொல்லிக் குத்தமில்ல" என்றேன், விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. அவசரத்தில் சி.டி.யில் கைக்கு வந்த முதல் படத்தைத் திறந்துவிட்டு, கார்டின் விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கத் தரையில் குனிந்தேன்.

அடுப்படியில் இருந்து ஈரக்கையோடு வந்த அவள் அம்மா பூமயில் வாசலில் நின்று கேட்டாள். "ஏத்தா, மாப்பிள்ளை இப்பத் தெளிவாத் தெரியிறாகளா?"

"தெரியிறாகம்மா." வெட்கம் கலந்த குரல். "நல்லாச் சிரிச்சாப்புல இருக்காக."

ஜெயித்துவிட்டோம் என்று தலையை நிமிர்த்தினேன்.

திரையில் இருந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா கூத்தையா. சம்பந்தம் பேசி முடிக்க வந்த பெரியவர். அறுபது வயது, வழுக்கைத் தலை, வெள்ளை மீசை, தோளில் துண்டு. சிரிக்கவும் இல்லை.

பூமயில் வாயைப் பொத்திக்கொண்டாள். சண்முகவள்ளி இன்னும் திரையைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த படத்துக்கு மாற்றியிருக்கலாம். மவுஸ் ஒரு முழத் தூரத்தில்தான் இருந்தது. என்னால் கையைத் தூக்க முடியவில்லை.

பூமிநாதன் திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்றும், சொல்லிவிடக் கூடாதே என்றும் எனக்கு ஒரே சமயத்தில் இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப இதையே மாட்டிருங்க தம்பி."

மாட்டித்தான் இருந்தது. கேபினட்டின் மூடியை எடுத்து வைத்து நான்கு திருகாணிகளையும் முடுக்கினேன்.