ரெண்டே ரெண்டு பிள்ளைகள்

கப்பலில் வந்திறங்கிய எலிக் குடும்பத்துக்கு அந்த அந்நிய நகரத்தில் யாருமே வீடு கொடுக்கவில்லை. பிள்ளைகள் அதிகம் என்று கதவைச் சாத்தினார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. ரொட்டிக்கடைச் சுவரில் ஒரு வளை காலி என்று கேள்விப்பட்டதும், அம்மா எலி செம்பி இரண்டு குட்டிகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். மற்றதுகளைக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

“எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா, ஒரு குண்டு எலி.

“ரெண்டே ரெண்டுதாங்க.”

அதற்குள் ரொட்டி வாசம் பிடித்து மிச்சக் குட்டிகளும் ஓடிவந்து செம்பியின் வாலைப் பிடித்துக்கொண்டன. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

“மன்னிச்சிருங்க. உண்மையைச் சொன்னா யாரும் வீடு தர்றதில்லை.”

வீட்டுக்காரம்மா உள்ளே திரும்பி, “வாங்கடா, விளையாட ஆள் வந்தாச்சு!” என்று கத்தினாள். அவளுடைய வளைக்குள்ளிருந்து குட்டிப் பட்டாளமே உருண்டு வந்தது.

“நானும் அந்தக் காலத்துல ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லித்தான் இங்கே குடிவந்தேன்,” என்றாள்.