ஊறிய திராட்சை

கிண்ணத்தை மூடியிருந்த தட்டை எடுத்தாள்.

ரம் குறைந்திருந்தது.

நேற்று மாலை உலர்ந்த திராட்சை முழுக்க மூழ்கும்படிதான் ஊற்றினாள். இப்போது பாதித் திராட்சை வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது.

மூடினாள். மறுபடியும் திறந்து பார்த்தாள். குறைந்தது குறைந்ததுதான்.

முன் அறையில் அவன் சாக்லேட் சுற்றுவதற்குத் தங்கநிறத் தாளை வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரிக்கோல் சத்தம் சீராகக் கேட்டது. குடித்தவன் கை இவ்வளவு சீராக ஓடுமா? ஓடும். உள்ளே கொஞ்சம் போனால்தான் நடுங்காமல் ஓடும் கை அது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறவளுக்குத் தெரியாதா?

ஈஸ்டருக்குக் குடியை நிறுத்தியவன். இதோ கிறிஸ்துமஸ் வரப்போகிறது.

இன்னொரு முறை வாசனை வந்தால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு சொன்னாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

குன்னூரில் வீட்டுக்கு வீடு சாக்லேட் செய்கிறார்கள். அவளும் வருடக்கணக்காகச் செய்கிறாள். முந்திரி போடுவாள், பாதாம் போடுவாள், அத்திப்பழம் போடுவாள். ரம் மட்டும் போட்டதில்லை. இந்த வீட்டில் ரம் எங்கே மிஞ்சியது, சாக்லேட்டில் போட?

இந்த வருடம்தான் துணிந்தாள். ரம் சாக்லேட் கிடைக்குமா என்று, வழக்கமாக அவளிடம் வாங்குகிற விடுதிக்காரம்மா கேட்டபோது சட்டென்று சரி என்றாள். என் புருஷனை நான் நம்புகிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி இருந்தது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை பெருமை தாங்கவில்லை.

பாட்டில் வாங்க அவனை அனுப்பவில்லை. அவளே போனாள். வரிசையில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். சால்வைக்குள் கூசிப்போனாள். மிச்சத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நம்பிக்கை நம்பிக்கைதான், பூட்டு பூட்டுதான்.

கிண்ணத்துக்குப் பூட்டு கிடையாது.

சாக்லேட் கட்டியை உடைத்து, கொதிக்கிற தண்ணீர்மேல் பாத்திரத்தை வைத்து உருக்கினாள். சன்னலைத் திறந்தாள். சாரல் அடித்தது. மூடினாள். கழுவிய கரண்டியைத் துடைக்காமல் அப்படியே உள்ளே விட்டுக் கிளறினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் திரிந்து சேறு மாதிரி ஆனது. இத்தனை வருடத்தில் செய்யாத தப்பு.

அவன் பக்கத்தில் போய் மோந்து பார்த்துவிடலாம். முன்பெல்லாம் அப்படித்தான் பிடிப்பாள். காபி கொடுக்கிற சாக்கில் குனிந்தாலே போதும்.

இன்று மூக்கு உதவாது. அவள் கையில் ரம். சேலையில் ரம். அடுக்களை முழுக்க ரம்.

கேட்டுவிடலாம். கேட்டால் இல்லை என்பான். குடித்திருந்தாலும் இல்லை என்பான், குடிக்காவிட்டாலும் இல்லை என்பான்.

அடுப்பை அணைத்தாள். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு திராட்சையை எடுத்து நசுக்கினாள். விரலெல்லாம் ரம் வழிந்தது.

திராட்சையே குடித்திருந்தால்?

கண்ணாடி டம்ளரில் ஒரு பிடி உலர்ந்த திராட்சையைப் போட்டாள். அலமாரியைத் திறந்து ரம் எடுத்து மூழ்க ஊற்றினாள். அது எதுவரை நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டாள். சூடு படட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

வெட்டிய தாள்களை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே வந்தான்.

டம்ளரைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான்.

அவன் பாட்டில்களில் அவள் அந்த நாளில் போட்டு வைத்த அதே கோடு. அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தாள்களை மேடையில் வைத்தான். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

புதிதாகச் சாக்லேட் உருக்கினாள். அச்சில் ஊற்றினாள். ஒவ்வொரு அச்சுக்கும் ஒருமுறை டம்ளரைத் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் அவன் சாப்பிட வரவில்லை.

சாயங்காலம் ஆவதற்குள் ரம் கோட்டைவிட்டு நன்றாக இறங்கியிருந்தது. சுருங்கிக் கிடந்த திராட்சையெல்லாம் உப்பிப்போயிருந்தது.

திராட்சைதான். பாழாய்ப்போன திராட்சைதான் குடித்திருக்கிறது!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கையைக்கூடத் துடைக்காமல் பின்பக்கம் ஓடினாள்.

அவன் படியில் உட்கார்ந்திருந்தான். தலையெல்லாம் சாரல். அவளைக் கண்டதும் எழுந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் வந்து, அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினான்.

வண்டியை மடக்கிய போலீஸ்காரனிடம் ஊதிக்காட்டுகிற மாதிரி.

அவள் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினாள்.

அவன் முகத்தை வெடுக்கென்று திருப்பினான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கைய எடு. கோவிச்சுக்கிட்டு வெளிய வரல. இந்த வாசனைக்குப் பயந்துதான் வந்தேன்."

அவள் குழாயைத் திறந்தாள். பனி மாதிரித் தண்ணீர். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள்.

மோந்து பார்த்தாள்.

மறுபடியும் சோப்பை எடுத்தாள்.