இடது ஓரத்துக் கீறல்

ஊதா லைட்டைக் காட்டினதும் அந்த சிலிக்கான் தகடு தணலாட்டம் செவப்பா ஒளிருது. பெரிய திரையில அதைப் பார்த்து ஹாலே கைதட்டுது, நான் மட்டும் அதோட இடது ஓரத்துக் கீறலையே பார்த்துக்கிட்டு இருக்கேன். எங்க லேப்ல மத்த எல்லாரும் தகட்டை இடுக்கியால பிடிச்சா வலது ஓரத்துலதான் கீறல் விழும். இடது கைக்காரி நான் ஒருத்திதாங்க. தகட்டை ஆசிட்ல போட்டு கரண்ட் விட்டு, கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டை போடுறதுதான் எங்க வேலை. ஒருநாள் நான் சாப்பிட்டு வர லேட்டாயிடுச்சு, தகடு கூடுதலா ஊறிப்போச்சு. "கெடுத்துட்டியே பிலோமி! குப்பையில போட்டுட்டேன், சாருக்குத் தெரிய வேணாம்"னா தமயந்தி. பதினோரு வருஷமா என்னோட டிபனைப் பங்கு போட்டுக்கிட்டவ. காப்பாத்துறாளேன்னு அன்னிக்கு அழுதேன் பாருங்க! இப்ப மேடையில நின்னு, "கூடுதல் நேரம் விட்டுப் பார்க்கலாம்னு எனக்குத்தான் தோணுச்சு"ங்கிறா. கைதட்டல் முடிஞ்சு இறங்கினவ நேரா எங்கிட்ட வந்து, கண்ணாடி டப்பியில இருந்த அந்தத் தகட்டை நீட்டி, "பாரேன்டி, எவ்வளவு அழகா வந்திருக்கு"ன்னா. சாம்பார் கிண்ணத்தைக்கூட நான் இடது கையில வாங்கினா, "பீச்சாங்கையில வாங்காதேன்னு எத்தனை வாட்டிடி சொல்றது"ன்னு புறங்கையில தட்டுவா. நான் இடது கையை நீட்டினேன். அவ பார்வை என் விரல்லேருந்து தகட்டோட ஓரத்துக்குப் போச்சு. தட்டலை. டப்பியை விடவும் இல்லை.