நாற்பது மெயில்

"அம்மாவுக்கு மூச்சுத் திணறுது. ஸ்கேன் ரிப்போர்ட் எங்கேம்மா?" ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அறை வாசலில் கத்தினார் அவர்.

"காலையிலேருந்து சிஸ்டம் படுத்துடுச்சு சார்," என்றாள் என்ஜினீயர் பெண். "எங்க சாஃப்ட்வேருக்கு எந்தெந்த துணை புரோகிராம் வேணும்னு ஒரு பட்டியல் இருக்கு. அதைப் படிக்கிற 'லைப்ரரி'ங்கிற குட்டி புரோகிராமை யாரோ ஒருத்தர் இன்டர்நெட்ல இலவசமா எழுதிக் கொடுத்திருந்தார். 'ஒருத்தனும் நன்றி சொல்லலை'ன்னு கோவிச்சுக்கிட்டு இன்னிக்கு அதை எடுத்துட்டார்."

அவர் குரல் இறங்கிப்போனது. "அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கெஞ்சிக் கெஞ்சி நாப்பது மெயில் போட்டாச்சு. மனுஷன் அசையலை."

காலையில் அணைத்துவைத்த போனை உயிர்ப்பித்தார். வரிசையாக வந்து விழுந்தன, நாற்பதும்.

லைப்ரரியைத் திரும்பப் போட ஒரே ஒரு பட்டன். அழுத்தினார்.

"சிஸ்டம் வந்துடுச்சு!" என்று கூவினாள் அவள்.

வார்டிலிருந்து வந்த நர்ஸ் அவர் தோளைத் தொட்டாள். "ரிப்போர்ட்டுக்கு இனிமே அவசரமில்லைங்க."