சத்தமில்லாத வகுப்பு

"கிளாஸா இது, சந்தைக்கடையா?"

வழக்கம்போல் எரிந்து விழுந்துவிட்டு, கணக்கு டீச்சரைத் தன் அறைக்கு வரவழைத்தார் தலைமையாசிரியர். வராந்தாவில் நின்று காதால் கேட்டே வகுப்புகளை எடைபோடுகிறவர் அவர். உள்ளே எட்டிப் பார்த்ததே கிடையாது.

"இதைப் பாருங்க!" போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் முகநூல் குழுவில், யாரோ பெயர் சொல்லாமல் போட்ட வீடியோ. காகிதத்தை மடித்து மடித்துப் பின்னம் சொல்லித் தரும் இரண்டு கைகள். சுற்றிலும் மடித்துப் பார்க்கும் பிஞ்சு விரல்கள். முகம் எதுவும் தெரியவில்லை.

"குண்டூசி விழுந்தா கேக்கும்! இவங்கதான் டீச்சர்! எங்கே இருந்தாலும் தேடிப் பிடிச்சு உங்க இடத்துல உட்கார வைக்கிறேன். நீங்க நடையைக் கட்டுங்க!"

"அது சத்தத்தை எடுத்துட்டுப் போட்டது சார். சத்தத்தோட பாக்கறீங்களா?"

அவள் தன் போனை எடுத்து ஓடவிட்டாள். அதே கைகள், அதே காகிதம், கூடவே பிள்ளைகளின் கும்மாளம். அத்தனையையும் மீறி, வராந்தாப் பக்கமிருந்து அவருடைய குரல்:

"கிளாஸா இது, சந்தைக்கடையா?"