ஆறரை மணி ஸ்டிக்கர்

ஆறரை மணிக்கு கடை ஊழியர் சுகஹாரா ஸ்டிக்கர் சுருளோடு உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். வந்தவர் ஒட்டவில்லை.

சமைத்த உணவு அடுக்கின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒசாகாவில் ரயில் நிலையத்தை ஒட்டிய அந்த சூப்பர் மார்க்கெட்டில் ஆறரைக்கு மஞ்சள் ஸ்டிக்கர் விழும். விழுந்ததும் சுஷி டப்பா, பொரித்த மீன், உருளைக்கிழங்கு கட்லெட் எல்லாம் பாதி விலை. அதற்காக அங்கே யாரும் காத்திருப்பதில்லை. அதாவது, காத்திருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை.

டாக்ஸி ஓட்டும் இகுதா பத்து நிமிடமாக ஒரே சோயா சாஸ் பாட்டிலின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதியோர் இல்லத்துக்கு இரவு வேலைக்குப் போகும் மொரியாமா, டோஃபுவை ஒவ்வொன்றாகத் தூக்கித் தேதி பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாத் தேதியும் ஒன்றுதான். இங்கே வாங்குவதுதான் அவளுக்கு விடியும்வரை சாப்பாடு.

சிஸுரு மட்டும் எதையும் படிக்கவில்லை. ஆபீஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல், கானாங்கெளுத்தி சுஷிக்கு நேர் எதிரே நின்றாள்.

"பாப்பா, அப்படி முறைச்சா மீன் எந்திரிச்சு ஓடிடும்," என்றார் இகுதா. "இங்க வந்து சோயா சாஸைப் படி. கதை நல்லாருக்கு."

சுகஹாராவின் தலைக்கு மேலே ஒரு தாள் தொங்கியது. காலையில்தான் வந்தது.

விலைக் குறைப்புக்காகக் காத்து நிற்பது மற்ற வாடிக்கையாளர்களுக்குச் சங்கடம் தரக்கூடும். தங்கள் மேலான ஒத்துழைப்பைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

கீழே, இடுப்பை வளைத்து வணங்கும் ஒரு பெண்ணின் படம்.

சங்கடமாம். வெல்லப்பாகில் முக்கி எடுத்த செருப்பு. 'மற்ற' வாடிக்கையாளர்களாம். அப்படியென்றால் இங்கே நிற்பவர்கள் யார்?

"கொஞ்சம் விலகிட்டீங்கன்னா ஒட்டிடுவேன்," என்றார் சுகஹாரா, யாரையும் பார்க்காமல். "ஆள் நின்னா ஒட்டக் கூடாதுன்னு உத்தரவு. ஏழு வரைக்கும் ஒட்ட முடியலைன்னா எல்லாத்தையும் அள்ளிக் குப்பையில போடணும்."

அவர் கெட்டவர் இல்லை. மேலிருந்து வந்ததை மாட்டினார், அவ்வளவுதான்.

இகுதா பாட்டிலோடு இரண்டடி பின்னால் போனார். மொரியாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, டோஃபுவை விட்டு முட்டைப் பக்கம் நகர்ந்தாள்.

சிஸுரு நகரவில்லை.

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். நாலு வருடமும் இந்த அடுக்குதான் சோறு போட்டது. பட்டம் வாங்கி வேலைக்குப் போய்விட்டால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றார்கள். வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. வாடகை போக மிச்சத்துக்கு இன்னும் இதே அடுக்குதான்.

"அம்மா, உங்களைத்தான்," என்றார் சுகஹாரா. "எதாவது தேடுறீங்களா?"

"தேடலை. ஸ்டிக்கருக்கு நிக்கிறேன்."

அந்த வார்த்தையை அந்தக் கடையில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்லாவில் நின்ற பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா பேசுங்கம்மா."

"எதுக்கு மெதுவா? எதிர்த்த கட்டடத்துல ஒரு துண்டு கேக்குக்கு ரெண்டு மணி நேரம் வரிசையில நிக்கிறாங்க. அவங்களுக்கு நாற்காலி போட்டு, குடை கொடுத்து, தண்ணி கொடுக்கிறாங்க. பாதி விலை சோத்துக்கு நின்னா மட்டும் அசிங்கமா?"

முட்டைப் பக்கத்திலிருந்து மொரியாமா வந்தாள். சிஸுருவின் தோளை ஒட்டி, அடுக்கைப் பார்த்து நின்றாள்.

இகுதா சோயா சாஸை அதன் இடத்தில் வைத்தார். "கடைசிப் பாரா படிக்காமப் போச்சு," என்று முனகிக்கொண்டே அவரும் வந்து நின்றார். நூடுல்ஸ் அடுக்கிலிருந்து யாரோ ஒரு மாணவன். பிறகு இன்னும் இரண்டு பேர்.

சுகஹாராவின் காது சிவந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவையும் சிறு குறிப்பேட்டையும் எடுத்தார்.

"இதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியாகணும். எனக்கு வேற வழியில்லை. ஆரம்பிச்சது நீங்கதான். பேரைச் சொல்லுங்க."

"பாப்பா, போயிடு," என்றார் இகுதா தணிந்த குரலில். "உன்னை மாதிரி படிச்ச பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?"

சிஸுரு சுகஹாராவைப் பார்த்தாள்.

"எழுதுங்க. மூணாவது மாடி, கடை அறிவிப்புப் பிரிவுன்னு மேல போடுங்க, சீக்கிரம் போய்ச் சேரும். அங்க குகிமியா சிஸுருன்னு ஒருத்தி இருக்கா. கடைகள்லேர்ந்து வர்ற புகாரையெல்லாம் காலையில அவதான் பிரிச்சு, படிச்சு, மேலதிகாரி மேசையில கொண்டுபோய் வைக்கிறா. இந்தத் தாளை எழுதினவளும் அவதான். 'சங்கடம்' அவ போட்ட வார்த்தை. நல்லா எழுதியிருக்கேன்னு பாராட்டுகூட வாங்கினா."

சுகஹாரா குழம்பினார்.

"அது சரிம்மா. உங்க பேரு?"

"அதான் சொன்னேனே."



சுகஹாரா தலையை நிமிர்த்தி அந்தத் தாளைப் பார்த்தார். சிஸுருவைப் பார்த்தார். பேனாமுனை குறிப்பேட்டில் ஊன்றியபடியே நின்றது.

"சிஸுருன்னு பல விதமா எழுதலாம். உங்க பேருக்கு எந்தெந்த எழுத்து?" என்று கேட்டார் கடைசியில்.

"ஆயிரத்துக்குப் போடுற எழுத்து. அடுத்தது நாரை."

அவர் ஒரு கோடு பிசகாமல் எழுதினார். எழுதி முடித்து, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, சுருளிலிருந்து முதல் மஞ்சள் ஸ்டிக்கரைப் பிய்த்தார்.